ஆன்லைனில் எடுத்த 'ஏ' எடுபடுமா? அமெரிக்க ஃபார்மசி கல்லூரிகள் கிரேடைக் கணக்கிடும் விதம்

அமெரிக்காவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். ஃபார்மசிஸ்ட் ஆக வேண்டும் என்பது ஆசை. பகலில் மருந்துக் கடையில் டெக்னீஷியன் வேலை, ராத்திரியில் படிப்பு என்று ஓடியதில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் 'டி' வாங்கிவிட்டார். சோர்ந்துவிடவில்லை. அடுத்த கோடையில் அதே கல்லூரி நடத்தும் ஆன்லைன் வகுப்பில் அதே பாடத்தைத் திரும்ப எடுத்து 'ஏ' வாங்குகிறார். கல்லூரி விதிப்படி பழைய 'டி' கணக்கிலிருந்து விலகிவிட, அறிவியல் பாடங்களின் சராசரி 3.0-ஐத் தொடுகிறது. நிம்மதி.

ஆனால் ஃபார்மசி படிப்புக்கான பொது விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிய பிறகு திரையில் வருவது 2.82.

மாணவி கற்பனைதான், கணக்கு நிஜம். விண்ணப்பிக்கும் பலர் தடுக்கி விழும் இடமும் இதுதான். ஆன்லைன் பாடத்தின் கிரேடு செல்லுமா, செல்லாதா என்ற கேள்விக்கு 'ஆம்', 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அதை யார் கணக்கிடுகிறார்கள், எந்தக் கல்லூரி பார்க்கிறது, பாடத்தோடு லேப் இருக்கிறதா என்பதையெல்லாம் பொறுத்து பதில் மாறும்.

இப்போது ஏன் இவ்வளவு முக்கியம்?

அமெரிக்காவில் ஃபார்மசிஸ்ட் உரிமம் பெற 'ஃபார்ம்-டி' பட்டம் தேவை. பெரும்பாலான கல்லூரிகளில் இது நான்கு வருடப் படிப்பு. அதற்கு முன் குறைந்தது இரண்டு வருடமாவது கல்லூரியில் படித்து, பொது வேதியியல், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, உயிரியல், மைக்ரோபயாலஜி, உடற்கூறியல், கால்குலஸ், புள்ளியியல் போன்ற முன்தேவைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். பட்டியல் கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும்.

முன்பெல்லாம் இந்தப் பாடங்களின் கிரேடு ஒரு பக்கம், 'பிகேட்' என்ற நுழைவுத் தேர்வு மறுபக்கம் என இரண்டு தராசு இருந்தது. கிரேடு கொஞ்சம் சுமார் என்றாலும் பிகேட்டில் வேதியியல் பகுதியில் நல்ல மதிப்பெண் வாங்கினால் 'பையனுக்கு விஷயம் தெரியும்' என்று கல்லூரி நம்ப ஒரு காரணம் கிடைத்தது. அந்தத் தேர்வுக்கு 2024 ஜனவரியோடு மூடுவிழா நடந்துவிட்டது. அதற்கு முன்பே பல கல்லூரிகள் அதைக் கட்டாயமில்லை என்று ஆக்கியிருந்தன.

ஆக, எல்லோரையும் ஒரே கோலால் அளக்கும் தேர்வு என்று இப்போது எதுவும் இல்லை. மிச்சம் இருப்பவை கிரேடு, பரிந்துரைக் கடிதங்கள், கட்டுரை, நேர்காணல். முதல் வடிகட்டலில் கண்ணில் படுவது கிரேடுதான். அந்தக் கிரேடு எந்த மாதிரி வகுப்பிலிருந்து வந்தது என்ற கேள்வி இப்போது கனமாகியிருப்பது அதனால்தான்.

கணக்கு எங்கே மாறுகிறது?

பெரும்பாலான ஃபார்மசி கல்லூரிகளுக்கு 'ஃபார்ம்கேஸ்' என்ற ஒரே வாசல் வழியாகத்தான் விண்ணப்பம் போகிறது. அமெரிக்க ஃபார்மசி கல்லூரிகளின் சங்கம் நடத்தும் பொது விண்ணப்பச் சேவை இது. மாணவர் இதுவரை படித்த எல்லாக் கல்லூரிகளின் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியலும் அங்கே போய்ச் சேர வேண்டும். கோடையில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம் எடுத்த கம்யூனிட்டி காலேஜ் என்றாலும் விட முடியாது.

அந்தப் பட்டியல்களை வைத்து ஃபார்ம்கேஸ் தானே புதிதாக ஜிபிஏ போடுகிறது. மொத்தத்துக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று, கணிதத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாக. ஒரு பாடத்தை இரண்டு முறை எடுத்திருந்தால் இரண்டு கிரேடும் கணக்கில் வரும். மாணவரின் கல்லூரி பழையதை மன்னித்திருக்கலாம், ஃபார்ம்கேஸ் மன்னிப்பதில்லை.

நம் மாணவி இதுவரை 40 கிரெடிட் அறிவியல் பாடங்களை 2.7 சராசரியில் முடித்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 108 புள்ளிகள். அதில் நான்கு கிரெடிட் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி 'டி' கொடுத்தது வெறும் 4 புள்ளி. திரும்ப எடுத்த 'ஏ' தருவது 16. கல்லூரி என்ன செய்கிறது? பழைய 4-ஐக் கழித்துவிட்டு 16-ஐக் கூட்டுகிறது. 120-ஐ 40-ஆல் வகுத்தால் 3.0. ஃபார்ம்கேஸ் எதையும் கழிப்பதில்லை. 124 புள்ளி, 44 கிரெடிட். விடை 2.82.

ஃபார்ம்கேஸ் கணக்கிலும் 3.0 வேண்டுமென்றால் அவர் இன்னும் எட்டு கிரெடிட், அதாவது இரண்டு பெரிய பாடங்கள், முழுக்க 'ஏ' எடுக்க வேண்டும். நிறையப் பாடம் முடித்தவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். ஏற்கெனவே 100 கிரெடிட் கையில் இருக்கும்போது புதிதாக வரும் ஒரு 'ஏ' கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

இந்தக் கணக்கில் ஆன்லைன், நேரடி வகுப்பு என்ற பாகுபாடு கிடையாது. அங்கீகாரம் பெற்ற கல்லூரி, கிரெடிட்டோடு கிரேடு கொடுத்திருந்தால் போதும். ஆன்லைன் 'ஏ'-வும் நான்கு புள்ளி, வகுப்பறை 'ஏ'-வும் நான்கு புள்ளி. அதே போல ஆன்லைனில் வாங்கிய 'சி'-யும் முழு எடையோடு உட்கார்ந்துவிடும். "ஆன்லைன்தானே, சும்மா எடுத்துப் பார்ப்போம்" என்று இறங்குபவர்கள் மறந்துவிடுவது இதைத்தான். வேறு கல்லூரியில் எடுத்த பாடத்தின் கிரெடிட்டை மட்டும் ஏற்றுக்கொண்டு, கிரேடைத் தன் சராசரியில் சேர்க்காத கல்லூரிகள் ஏராளம். அதனால் சொந்த ஜிபிஏ அடிவாங்காது. ஃபார்ம்கேஸ் ஜிபிஏ வாங்கும்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. சில பல்கலைக்கழகங்கள் வருடத்தை இரண்டு செமஸ்டராகப் பிரிக்காமல் குவார்ட்டர்களாகப் பிரிக்கின்றன. கலிஃபோர்னியாவில் இது சகஜம், அங்கே பல்கலைக்கழகங்களின் விரிவாக்கப் பிரிவுகள் நடத்தும் ஆன்லைன் அறிவியல் பாடங்கள் பிரபலமும்கூட. ஃபார்ம்கேஸ் குவார்ட்டர் கிரெடிட்டை மூன்றில் இரண்டு பங்காகத்தான் எடுத்துக்கொள்ளும். நான்கு கிரெடிட் என்று பணம் கட்டிப் படித்தது அங்கே சுமார் 2.67 ஆகிவிடும். ஜிபிஏவை உயர்த்தத்தான் அந்தப் பாடம் என்றால், பணம் கட்டும் முன்பே இதைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ஆன்லைன் என்று கல்லூரிக்குத் தெரியுமா?

பல மதிப்பெண் பட்டியல்களில் பாடத்தின் பெயர், எண், கிரெடிட், கிரேடு மட்டும்தான் இருக்கும். வகுப்பறையில் நடந்ததா, மடிக்கணினியில் நடந்ததா என்று அதில் இருக்காது. சிலவற்றில் பிரிவு எண்ணிலேயே தெரிந்துவிடும். அதைவிட, கல்லூரியின் பெயரே காட்டிக்கொடுத்துவிடும். டெக்சஸில் படிக்கும் ஒருவரின் விண்ணப்பத்தில் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தின் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இருந்தால், அவர் அந்த செமஸ்டருக்கு மெய்ன் மாநிலத்துக்குக் குடிபோகவில்லை என்பது சேர்க்கைக் குழுவுக்குத் தெரியும். மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு முன்தேவைப் பாடங்களை ஆன்லைனில், அவரவர் வேகத்தில் முடிக்கும் வசதியைத் தருவதில் அந்தப் பல்கலைக்கழகம் பெயர் பெற்றது.

தெரிந்தால் என்ன ஆகும்? இங்கேதான் கல்லூரிக்குக் கல்லூரி பதில் வேறுபடுகிறது. எல்லா ஆன்லைன் பாடங்களையும் ஏற்கும் கல்லூரிகள் உண்டு. தியரி மட்டும் ஆன்லைனில் இருக்கலாம், லேப் நேரில்தான் என்று சொல்பவை உண்டு. கணிதமும் சமூக அறிவியலும் சரி, வேதியியல் கூடாது என்பவையும் உண்டு. 2020-ல் கொரோனா வந்து நாட்டின் எல்லாக் கல்லூரிகளும் ஒரே வாரத்தில் ஜூம் திரைக்குள் புகுந்தபோது, வேறு வழியில்லாமல் இந்த விதிகள் தளர்ந்தன. 'பாஸ்' என்று மட்டும் போட்ட பட்டியலைக்கூட அந்த செமஸ்டருக்கு ஏற்றுக்கொண்டார்கள். பிறகு சிலர் பழைய விதிக்குத் திரும்பிவிட்டார்கள், சிலர் தளர்வையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். மூன்று வருடம் முன்பு சேர்ந்த சீனியர் சொன்னார் என்று நம்பி இறங்குவது ஆபத்தாவது இதனால்தான். குறிப்பிட்ட கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பாடத்தின் எண்ணைக் குறிப்பிட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது ஒன்றே பாதுகாப்பு.

சமையலறையில் லேப்

லேப் விஷயத்தில் கல்லூரிகள் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பது ஏன்? ஆன்லைன் லேப் இரண்டு வகை. ஒன்று, திரையில் நடக்கும் சிமுலேஷன்: மவுஸால் பீக்கரைச் சாய்த்தால் நிறம் மாறும். இன்னொன்று, வீட்டுக்கே பெட்டியில் வரும் கிட். பாதுகாப்புக் கண்ணாடி, சின்னச் சின்ன பாட்டில்களில் ரசாயனங்கள், அளவு குழாய்கள், பிஎச் காகிதம் எல்லாம் இருக்கும். சமையலறை மேடையில் சோதனை செய்து, போட்டோவோ வீடியோவோ எடுத்து அனுப்ப வேண்டும்.

பொது வேதியியலுக்கு இது ஓரளவு ஓடும். டைட்ரேஷன் செய்யலாம், கரைசலின் அடர்த்தி பார்க்கலாம். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வேறு ரகம். எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான்களை மணிக்கணக்கில் கொதிக்க வைக்க வேண்டும், காய்ச்சி வடிக்க வேண்டும், இரண்டு திரவங்களைப் பிரித்தெடுக்க வேண்டும், படிகமாக்க வேண்டும். புகையை உறிஞ்சும் அடுக்கு இல்லாமல், பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல், வீட்டில் இதைச் செய்ய எந்தக் கல்லூரியும் பொறுப்பேற்காது. அதனால் ஆன்லைன் ஆர்கானிக் லேப் என்பது பெரும்பாலும் சிமுலேஷனாகச் சுருங்கிவிடுகிறது. சில கல்லூரிகள் தியரியை ஆன்லைனில் நடத்திவிட்டு, லேபை மட்டும் சில நாட்கள் வளாகத்துக்கு வரவழைத்து மொத்தமாக முடிக்கின்றன. பார்க்கப்போனால் இதுதான் நேர்மையான ஏற்பாடு.

ஆன்லைனில் கிரேடு சுலபமா?

"ஆன்லைனில் எடுத்தால் 'ஏ' நிச்சயம்" என்பது மாணவர்கள் மத்தியில் பரவலான நம்பிக்கை. ஆய்வுகள் சொல்வது நேர்மாறு.

வாஷிங்டன் மாநிலத்தின் கம்யூனிட்டி காலேஜ்களில் சுமார் 40,000 மாணவர்கள் எடுத்த ஏறக்குறைய 5 லட்சம் பாடப் பதிவுகளை கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ் ஆய்வு மைய ஆராய்ச்சியாளர்கள் டி ஷூவும் ஷானா ஜாகர்ஸும் அலசினார்கள். 2013-ல் வெளியான முடிவு: ஆன்லைனில் எடுத்தபோது கிரேடும் குறைந்தது, பாடத்தைப் பாதியில் விடுவதும் கூடியது. எல்லோரும் ஒரே அளவு அடிவாங்கவில்லை. ஆண்கள், வயதில் சிறியவர்கள், கறுப்பின மாணவர்கள், ஏற்கெனவே ஜிபிஏ குறைவாக இருந்தவர்கள் ஆகியோருக்குச் சரிவு அதிகம்.

2017-ல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வந்த இன்னொரு ஆய்வு, லாப நோக்கில் இயங்கும் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டது. அங்கே ஒரே பாடம், ஒரே புத்தகம், ஒரே அசைன்மென்ட். வகுப்பறையா ஆன்லைனா என்பது மட்டும்தான் வித்தியாசம். ஒப்பிடுவதற்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. ஆன்லைனில் எடுத்தவர்களின் கிரேடு சராசரியாக 0.44 புள்ளி குறைந்தது. 2.8 வாங்கியிருக்க வேண்டியவர் சுமார் 2.4 வாங்கினார் என்று அர்த்தம். அதோடு முடியவில்லை, அடுத்த பருவத்தில் எடுத்த பாடங்களிலும் சரிவு தொடர்ந்தது. இங்கும் அதிகம் பாதிக்கப்பட்டது முன்பே பின்தங்கியிருந்தவர்கள்தான்.

இவை எல்லாப் பாடங்களையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள், ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை மட்டும் எடுத்தவை அல்ல. இரண்டுமே கொரோனாவுக்கு முந்தியவை. ஆனாலும் இதில் ஒரு முரண் உறைக்கிறது. ஃபார்மசி விண்ணப்பத்துக்காக ஆன்லைன் பக்கம் ஓடுபவர்கள் யார்? பெரும்பாலும் முதல் முறை சறுக்கியவர்கள், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், குழந்தை வைத்திருப்பவர்கள். ஆன்லைன் யாருக்கு அதிகம் தேவைப்படுகிறதோ, அவர்களுக்குத்தான் அது அதிகம் கைகொடுக்க மறுக்கிறது.

அப்படியானால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? கண்காணிப்பு இல்லாத தேர்விலிருந்து. புத்தகம் திறந்திருக்கும், பக்கத்தில் போன் இருக்கும், இப்போது சாட்ஜிபிடியும் இருக்கிறது. கேமரா வைத்துக் கண்காணிக்கும் தேர்வுக்கும் கண்காணிக்காத தேர்வுக்கும் மதிப்பெண் இடைவெளி இருப்பது ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். சேர்க்கைக் குழுவுக்கும் தெரியும். வகுப்பறையில் 'சி', 'சி', 'டி' என்று போன ஒரு பட்டியல், ஆன்லைனுக்கு மாறியதும் திடீரென்று 'ஏ', 'ஏ', 'ஏ' ஆனால் நேர்காணலில் வேதியியலிலிருந்து ஒரு கேள்வி வர வாய்ப்பு அதிகம். உண்மையிலேயே உழைத்து வாங்கியவரும் அந்தச் சந்தேகத்தைச் சுமக்க வேண்டியிருப்பது அநியாயம்தான்.

கல்லூரிகள் ஏன் கண்டும் காணாமல் இருக்கின்றன?

2000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் சுமார் 80 ஃபார்மசி கல்லூரிகள் இருந்தன. இன்று 140-க்கு மேல். விண்ணப்பிப்பவர்களோ, 2010-களின் தொடக்கத்தில் இருந்த உச்சத்திலிருந்து பாதிக்கும் கீழே போய்விட்டார்கள். சில்லறை மருந்துக் கடைகளில் வேலை அழுத்தம், மூடப்படும் கிளைகள், கல்விக் கடன் எல்லாம் காரணம். காலி இருக்கைகளை நிரப்ப வேண்டிய கல்லூரி, ஆன்லைன் 'ஏ'-வைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காது. முன்பு கறாராக இருந்த குறைந்தபட்ச ஜிபிஏ விதியைக் கைவிட்ட கல்லூரிகளும் உண்டு.

அதனால் இன்று உள்ளே போவது முன்பைவிடச் சுலபம். பிரச்சினை வெளியே வரும்போதுதான். ஃபார்மசிஸ்ட் உரிமத்துக்கான 'நாப்லெக்ஸ்' தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறுபவர்கள் 2020-ல் 88 சதவீதம் அளவில் இருந்தார்கள். 2023-ல் அது 80 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. கொரோனா காலத்தில் படித்த தலைமுறை என்பது ஒரு விளக்கம், சேர்க்கையில் வந்த தளர்வு என்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபமில்லை. ஆன்லைன் பாடங்கள்தான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் ஃபார்ம்-டி முதல் வருடத்தில் பயோகெமிஸ்ட்ரியும் மருந்து வேதியியலும் வந்து நிற்கும்போது, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி உண்மையில் தலையில் ஏறியதா என்பது தெரிந்துவிடும். கடன் வாங்கிப் படிப்பவர்கள் பட்டம் முடிக்கும்போது சராசரியாக 1.5 லட்சம் டாலருக்கு மேல் கடனோடு வெளியே வருகிறார்கள். தேர்வில் தவறினாலும் தவணை நிற்காது.

திரும்ப எடுப்பதா, புதிதாக எடுப்பதா?

பல கல்லூரிகள் முன்தேவைப் பாடத்தில் குறைந்தது 'சி' கேட்கின்றன. எனவே 'டி' வாங்கியவருக்கு வேறு வழியில்லை, திரும்ப எடுத்தே ஆக வேண்டும். முடிந்தால் வகுப்பறையில். ஆனால் 'சி' வாங்கியவர் அதை 'ஏ' ஆக்கப் பணம் செலவழிப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம். ஃபார்ம்கேஸ் எதையும் அழிக்காததால், அதே பாடத்தைத் திரும்ப எடுத்து வாங்கும் 'ஏ'-வும், பயோகெமிஸ்ட்ரி போன்ற மேல்நிலைப் பாடத்தைப் புதிதாக எடுத்து வாங்கும் 'ஏ'-வும் ஜிபிஏவில் ஒரே அளவுதான் நகர்த்தும். புதிய பாடம் கூடுதலாக இன்னொன்றையும் சொல்லும்: கடினமான வேதியியலை இவரால் சமாளிக்க முடிகிறது. சில கல்லூரிகள் தங்கள் தனிக் கணக்கில் கடைசி முயற்சியை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. அங்கே மட்டும் திரும்ப எடுப்பது லாபம்.

புள்ளியியல், உளவியல், பொருளாதாரம் மாதிரிப் பாடங்களை ஆன்லைனில் முடித்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தை லேப் பாடங்களுக்கு வைப்பதுதான் வேலை பார்ப்பவர்களுக்கு இருப்பதில் நல்ல உத்தி.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு

இந்தியாவில் ஃபார்மசி பட்டப் படிப்பைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்த யுஜிசி விதிகள் அனுமதிப்பதில்லை. அதனால் இந்தக் குழப்பம் நம் ஊரில் பெரிதாக எழுவதில்லை. ஆனால் நான்கு வருட பி.ஃபார்ம் முடித்து அமெரிக்கா போனவர்களுக்கு இது நேரடியாகவே தொடர்புடையது. 2003 ஜனவரி 1-க்குப் பிறகு பட்டம் பெற்ற வெளிநாட்டினர் அங்கே உரிமத் தேர்வுப் பாதையில் நுழைய, ஐந்து வருடப் பாடத்திட்டத்தில் படித்திருக்க வேண்டும். பி.ஃபார்ம் அந்த வரம்புக்குள் வராது. ஃபார்மசிஸ்ட்டாகவே தொடர நினைப்பவர்களில் சிலர் அங்கேயே ஃபார்ம்-டி சேர முயல்கிறார்கள். அப்போது கல்லூரி கேட்கும் விடுபட்ட பாடங்களுக்கு ஆன்லைனைத் தேடுகிறார்கள்.

கோர்செரா, என்பிடெல் சான்றிதழ்கள் இங்கே உதவாது. அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற கல்லூரி கிரெடிட்டோடு பட்டியல் தந்தால்தான் ஃபார்ம்கேஸ் கணக்கில் ஏறும்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு கட்டு உண்டு. முழுநேரப் படிப்பு என்று கணக்குக் காட்ட, ஒரு பருவத்தில் ஒரே ஒரு ஆன்லைன் பாடத்தை, அதிகபட்சம் மூன்று கிரெடிட்டை, மட்டுமே சேர்த்துக்கொள்ள முடியும். நான்கு கிரெடிட் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை முழுக்க ஆன்லைனில் எடுத்தால் அதில் ஒரு கிரெடிட் அந்தக் கணக்கில் நிற்காது. மற்ற பாடங்கள் நேரடி வகுப்பாக, முழுநேரத்துக்குப் போதுமான அளவு இருந்தால் பரவாயில்லை. விடுமுறைப் பருவமான கோடையில் இது பொதுவாகக் குறுக்கே வராது. ஆனாலும் விசாவுக்குப் பொறுப்பான கல்லூரி அதிகாரியைக் கேட்காமல் பதிவு செய்வது வம்பை விலைக்கு வாங்குவது மாதிரி. கிரேடு போனால் திரும்ப எடுக்கலாம், விசா நிலை போனால் முதலில் இந்தியாவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும்.